பூச்சாடிக்குக் கூரை

மலைநாட்டு வாழ்விட எழிலாக்க அதிகாரசபை, ஓகஸ்ட் மாதக் கூட்டத்தில், தோட்டப்புறங்களில் பின்கோடைக் காலம் தொடங்கிவிட்டதென ஏகமனதாகத் தீர்மானித்தது. கூட்டம் கொழும்பில், குளிரூட்டப்பட்ட மண்டபமொன்றில் நடைபெற்றது. அதே வேளையில், நோர்வூட்டுக்கும் டிக்கோயாவுக்கும் இடையிலுள்ள டன்பெரி தோட்டத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. அது ஜூன் மாதத்தில் தொடங்கிய மழை. இடையிடையே நின்று மூச்சு வாங்கியதேயன்றி, அது ஓய்ந்ததாக எவரும் கூறவில்லை.

அதிகாரசபையின் பெயரில் வாழ்விடம் என்னும் சொல் இடம்பெற்றமைக்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளாகிய லயங்களைத் திருத்துவதற்காகவே அது நிறுவப்பட்டது. நிறுவப்பட்ட பின்னரே, லயங்களின் சுவர் ஓர் அமைச்சுக்கும், தரை கம்பனிக்கும், வாய்க்கால் பிரதேச சபைக்கும், கூரை ஒரு நம்பிக்கை நிதியத்துக்கும் உரியவை என்பது தெரியவந்தது. கூரையில் ஓர் ஆணி அடிப்பதாயினும் இந்நால்வரும் ஒருங்கே இணங்க வேண்டும். நால்வரும் ஒருவருக்கொருவர் மரியாதையாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தனர். எவரும் உரிமை கோராமல் எஞ்சியிருந்தது தோற்றம் மட்டுமே. அதிகாரசபை தோற்றத்தைப் பொறுப்பேற்றது. தோற்றம் என்பது, அதன் அமைப்பு விதிகளாகிய யாப்பு தரும் விளக்கத்தின்படி, வாகனம் செல்லும் வீதியிலிருந்து கண்ணுக்குத் தெரிவது.

பின்கோடையைக் கண்டறிய அதிகாரசபைக்கு உதவியது, குளிர்நாடொன்றிலிருந்து ஆலோசகர் ஒருவர் அனுப்பிய வழிகாட்டி நூல். மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்து களைத்துப்போன தோட்டங்களையும் சாடிகளையும் கோடை முடியுமுன் வர்ணச் செடிகளால் புதுப்பிக்க வேண்டும் என்று அந்நூல் வலியுறுத்தியது. அது எழுதப்பட்ட நாட்டில் அக்கூற்று முற்றிலும் சரியானது. பின்கோடைப் புத்தெழில் திட்டம் இவ்வாறு பிறந்தது.

டன்பெரியின் கீழ்ப்பிரிவில், வீதியைப் பார்த்து நிற்கும் லயத்தின் கடைசி வீடாகிய ஓரறைக் காம்பராவில் குடியிருந்தவர் சோலைமலை. கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை எந்த உயரத்தில் வெட்டுவது என்பதைத் தவிர வாழ்க்கையில் அவர் எதையும் தீர்மானித்ததில்லை. அதையும் மேற்பார்வை செய்யும் கண்டாக்கு ஐயாதான் தீர்மானித்தார்.

அவருடைய கூரை பல இடங்களில் ஒழுகியது. ஒழுகும் இடந்தோறும் அவர் மனைவி வீரம்மா ஒரு பாத்திரத்தை வைத்திருந்தார். சமைப்பதற்குப் பாத்திரம் தேவைப்படும்போது எந்த ஒழுக்கைத் தற்காலிகமாக அனுமதிப்பது என்பதை அவர் யோசித்து முடிவுசெய்வார். இவ்வேற்பாடு பல காலமாக நடைமுறையில் இருந்தது. அவ்வாண்டு அது போதாமற்போனது. கினிகத்தேனையில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் பிரியந்திக்கு ஒக்டோபரில் குழந்தை பிறக்கவிருந்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவது வழக்கம். தாய்வீட்டுக்குக் கூரை இருக்க வேண்டும் என்று வழக்கம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லை என அது எண்ணியிருக்கலாம்.

“துரைகிட்டப் போயி கேளுங்க,” என்றார் வீரம்மா. “முழுக் கூரையும் கேட்டுராதீங்க, மனுசனுக்கு மயக்கம் வந்துரும். கட்டில் போடுற மூலைய மட்டும் கேளுங்க. பச்சப்புள்ள படுக்குற எடம்னு சொல்லுங்க.”

“போன வருசமும் கேட்டேனே, புள்ள.”

“போன வருசம் புள்ள இல்ல. இப்ப புள்ளயோட கேளுங்க.”

தோட்ட முகாமையாளராகிய துரை இரக்கமுள்ளவர். சோலைமலைக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரே அளவு இரக்கத்தை அவர் வழங்கிவந்தார்.

“சோலைமலை, உன் கூரை என் மனசுல இருக்கு,” என்றார்.

“சரிங்க துரை.”

“நான் என்ன செய்ய? ஒரு தகரத்த மாத்தணும்னா நாலு எடத்துல ஒப்புக்கணும். இதுவே நாத்துக் கொட்டகையா இருந்தா நான் யாரையும் கேக்க வேண்டியதில்ல. அங்க ஒரு தகடு கழண்டா அன்னைக்கே புதுசு போடுறோம். ஏன் தெரியுமா? நாத்து நனைஞ்சா அழுகிப்போகும். அஞ்சு வருச நட்டம். மனுசன் அப்படி இல்ல. ரெண்டு மழ நனைஞ்சா பழகிக்குவான். செடிக்கு அந்தக் கொணம் இல்ல பாரு.”

“இல்லீங்க துரை,” என்று சோலைமலை ஒப்புக்கொண்டார். செடிகளின் குறைபாட்டுக்காக வருந்தியவாறே வீடு திரும்பினார்.

திட்டத்தின் தொடக்கச் செயலமர்வு பிள்ளைக்காம்பராவில் நடந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கச் செல்லும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் அவ்விடத்தில், தொட்டில்களை ஒதுக்கிவிட்டு நாற்காலிகள் போடப்பட்டன. அதிகாரசபையின் பிரதிப் பணிப்பாளர் ரோகினி அம்மையார் கொழும்பிலிருந்து வந்திருந்தார். வாகனத்திலிருந்து இறங்கி வாசலை அடைவதற்குள் அவருடைய குடை இருமுறை மடங்கியது. கூரையில் மழை அறைந்த ஓசைக்கு மேலாக அவர் ஒலிவாங்கியில் பேசினார்.

“இந்தக் கடும் வெயிலில் நீங்கள் படும் துன்பத்தை நாங்கள் அறிவோம். உங்கள் முற்றங்கள் களைத்துவிட்டன. உங்கள் சாடிகள் சோர்ந்துவிட்டன. ஆகவே உங்கள் வாழ்வுக்கு வர்ணம் சேர்க்க வந்திருக்கிறோம். கூரை ஒழுகுவதாகச் சிலர் சொல்கிறார்கள். வரும் வழியில் நானே வாகனத்தை நிறுத்தி, கண்ணாடியை இறக்காமலே கவனமாகப் பார்த்தேன். எந்த ஒழுக்கும் எனக்குத் தெரியவில்லை. அழகான சூழலில் வாழும் மனிதன் அண்ணாந்து பார்ப்பதில்லை. பூவைப் பார்க்கிறான். பூ கீழே இருக்கிறது. அவனுக்குக் கழுத்து வலியும் வருவதில்லை.”

கைதட்டல் எழுந்தது. முதல் வரிசையில் அமர்ந்திருந்த துரை தட்டியதால், அது பின்வரிசை வரை பரவியது.

திட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்காகத் தோட்டத்தில் தங்கவைக்கப்பட்டவர் கணேசமூர்த்தி என்னும் உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்தவர், வெயில் என்றால் என்னவென்று அங்கு கூடியிருந்தோருள் அவர் ஒருவரே சரியாக அறிந்தவர். கணக்கெழுதும் கிளாக்கர்மாருக்கென முன்பு கட்டப்பட்ட பழைய விடுதியொன்றில் அவருக்கு ஓர் அறை தரப்பட்டிருந்தது. பொய் சொல்லத் தெரியாதவர் என்பதால், அதிகாரசபையின் வழிகாட்டியை அவர் முழுமையாக நம்பினார்.

“ஐயா, கோடைன்னு சொல்றாங்களே, எப்பங்க வருது?” என்று சோலைமலை அவரிடம் கேட்டார்.

“வந்திட்டுது. இப்ப முடியப்போகுது. அதுதானே பின்கோடை.”

சோலைமலை வெளியே பார்த்தார். கணேசமூர்த்தியும் பார்த்தார். எதிர்மலை தெரியவில்லை.

“உத்தியோகபூர்வமாய் சொல்லுறன்,” என்றார் கணேசமூர்த்தி, சற்றுத் தாழ்ந்த குரலில்.

அவருடைய முதற்பணி, லயத்து வாசல்களைத் தூய்மைப்படுத்துவது. அங்கே பழைய உர வாளிகளில் டேலியாவும், பால்மா டின்களில் ஜெரனியமும், பழுதடைந்த சோற்றுக் குக்கர் ஒன்றில் காசித்தும்பையும் மழையைப் பொருட்படுத்தாமல் பூத்துக் குலுங்கின. அவை ஒழுங்கற்ற கொள்கலன்கள் என வகைப்படுத்தப்பட்டன. பூத்திருந்தன என்பது உண்மை. ஆயினும் அனுமதி பெற்றுப் பூக்கவில்லை. அவை அனைத்தும் லயத்தின் பின்புறத்துக்கு மாற்றப்பட்டன. வீதியிலிருந்து பார்க்கும்போது லயம் இப்போது முறைப்படி களைத்திருந்தது. புதுப்பிப்பதற்கு அது தகுதி பெற்றது.

காம்பராவுக்கு ஒரு சாடி என்பதே தொடக்கத் திட்டம். செயலமர்வின் மதியபோசனத்துக்குப் பிறகு அது லயத்துக்கு ஒரு சாடி எனத் திருத்தப்பட்டது. கீழ்லயத்துக்குரிய சாடி, வளைவில் திரும்பும் வாகனங்களுக்கு நன்கு தெரியும் என்பதால், சோலைமலையின் வாசலில் இறக்கப்பட்டது. சுட்ட மண்ணாற் செய்த பெரிய சாடி. அதில் செம்மஞ்சள் செவ்வந்தியும் ஊதாப் பெட்டூனியாவும் நடுவில் சிவந்த குரோட்டனும் நடப்பட்டிருந்தன. வெப்பமான தாழ்நிலத்தில் வளர்ந்த அச்செடிகள், லொறியிலிருந்து இறங்கியதும் குளிரில் இலைகளைச் சுருட்டிக்கொண்டன.

மறுநாட் காலையில் கணேசமூர்த்தி குடையுடன் வந்தார்.

“அம்மா, தண்ணி ஊத்தினீங்களோ?”

“வானம் ஊத்திக்கிட்டு இருக்குங்கய்யா.”

“அது வானத்தின்ர வேலை. உங்கட வேலையை நீங்கள் செய்யவேணும். காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா எண்டு வழிகாட்டியில கிடக்கு.”

வீரம்மா உள்ளே போய், ஒழுக்குக்கு வைத்திருந்த பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, கொட்டும் மழையில் நின்று, அதிலிருந்த மழைநீரைச் செடிக்கு ஊற்றினார். வீதியால் சென்ற பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. சாளரங்களில் முகங்கள் தோன்றின.

“பாத்தீங்களோ,” என்றார் கணேசமூர்த்தி மகிழ்ச்சியுடன். “சனம் நிண்டு பாக்குது.”

“பூவப் பாக்கலீங்கய்யா. என்னையப் பாக்குறாங்க. லூசுன்னு நெனச்சிருப்பாங்க.”

ஒரு வாரத்துக்குள் பெட்டூனியா அழுகத் தொடங்கியது. அதிர்ச்சியடைந்த கணேசமூர்த்தி கொழும்புக்குத் தொலைபேசியில் அறிவித்தார். மழையில் நனைவதற்குச் சாடிகளுக்கு அனுமதியில்லை என்றும், மழை பெய்யும் வேளைகளில் அவற்றைக் கூரையுள்ள இடத்தில் வைக்க வேண்டும் என்றும் கொழும்பிலிருந்து பணிப்பு வந்தது.

“கூரையுள்ள எடம்னா எதுங்கய்யா?” என்றார் சோலைமலை.

“உங்கட வீடுதான்.”

“எங்க வீட்டுல மழை வெளிய விடக் கொஞ்சம் கொறச்சலாப் பெய்யும்,” என்றார் வீரம்மா. “அவ்வளவுதாங்க வித்தியாசம்.”

ஆயினும் பணிப்பு பணிப்பே. சோலைமலையும் அடுத்த காம்பராவில் இருந்த மூக்கனும் சாடியைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தனர். பிரியந்தி அப்போது வந்துசேர்ந்திருந்தாள். எட்டு மாத வயிற்றுடன், கட்டிலில் ஒழுக்கு விழாத பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். நண்பகலில் ஒழுக்கு இடம் மாறியபோது அவளும் மாறி உட்கார்ந்தாள். சாடிக்கு எஞ்சியது அடுப்பங்கரையோரம் மட்டுமே.

“அம்மா, என்னோட வளைகாப்புக்குக்கூட இத்தன பேரு வந்து பாக்கல,” என்றாள் பிரியந்தி. “இந்தச் செடிக்கு எத்தனாவது மாசம்?”

செடியின் நலனை விசாரிக்க அன்று பிற்பகல் கணேசமூர்த்தி வந்தார். வாசலைக் குனிந்து கடந்தவர் திகைத்து நின்றார். கூரையிலிருந்து ஒரு துளி, நேராக, பெட்டூனியாவின் நடுவில் விழுந்தது. அடுத்த துளியும் அங்கேயே விழுந்தது. அவர் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. வீட்டுக்குள் குடையை விரித்து, செடிக்கு மேலாகப் பிடித்துக்கொண்டார். மறுகையால் தோட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். ஒரு முழம் தள்ளி, பிரியந்தி தன் தலையில் விழுந்த துளியை முந்தானையால் துடைத்துக்கொண்டு, அவரை வியப்புடன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“துரை, உடன ஆக்களை அனுப்புங்கோ! இஞ்ச செடி நனையுது!”

செடி நனைகிறது என்பது துரைக்குப் புரிந்த மொழி. தேயிலை நாற்றா, பெட்டூனியாவா என்பதை அவர் விசாரிக்கவில்லை. நெருக்கடியான வேளையில் நல்ல நிருவாகி அவ்வாறு விசாரிப்பதில்லை. கூரையின் கீழ் வைக்கப்பட்ட செடி எதுவாயினும் அது நாற்றுக் கொட்டகை விதிக்குள் அடங்கும். அம்மாலையே நாற்றுக் கொட்டகைப் பணியாளர்கள் ஏணியோடு வந்தனர். அவர்களுக்குத் தலைவர் மூக்கன். பழைய தகரத்தைக் கழற்றி, நாற்றுகளுக்கு வெளிச்சம் புகும்படி செய்யப்பட்ட வெண்ணிறத் தகடு ஒன்றைச் சாடிக்கு நேர் மேலே பொருத்தினார்கள். ஒழுக்கு நின்றது. அடுப்பங்கரையில் வெளிச்சம் விழுந்தது.

சோலைமலை ஏணியடியில் நின்று தலையைச் சொறிந்தார். “மச்சான், வந்ததுதான் வந்த, அந்தக் கட்டில் பக்கமும் ஒண்ணு போட்டுரேன்.”

“எனக்கு ஆசை இல்லேன்னு நெனச்சியா?” என்றார் மூக்கன். “செடி எங்கயோ, தகடு அங்க. அதான் ஆர்டர். கட்டிலுக்கு ஆர்டர் இல்ல மச்சான். மீறிப் போட்டா என் சம்பளத்துல போகும்.”

வீரம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஊதுவதைச் சற்று நிறுத்தினார். பிறகு மீண்டும் ஊதினார்.

மறுநாட் காலையில் சாடி கட்டிலின் தலைமாட்டில் நின்றது. பெட்டூனியாமீது துளி விழுந்துகொண்டிருந்தது. வீரம்மா கணேசமூர்த்திக்கு ஆள் அனுப்பினார்.

“நேற்று இது அடுப்படியில எல்லோ இருந்தது?” என்றார் அவர்.

“ஆமாங்கய்யா. சாடிய அப்பப்பத் திருப்பி வைக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?”

“திருப்பச் சொன்னனான். எல்லாப் பக்கமும் ஒளி படவேணும் எண்டு.”

“அதாங்க திருப்பினேன். கனமான சாடி பாருங்க, திருப்பயில கொஞ்சம் நகந்துருச்சு.”

கணேசமூர்த்தி பையிலிருந்து வழிகாட்டியை எடுத்துப் பார்த்தார். சாடிகளைக் காலத்துக்குக் காலம் திருப்பி வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. எவ்வளவு தூரம் நகரலாம் என்பதற்கு வரையறை எதுவும் கூறப்படவில்லை. தடைசெய்யப்படாத ஒன்றை அவரால் தடைசெய்ய இயலாது. அவர் மீண்டும் குடையை விரித்தார். மீண்டும் தொலைபேசியை எடுத்தார். மூக்கன் ஏணியோடு வந்தார். கட்டில் மூலை மூடப்பட்டது.

அதன்பின் சாடி ஓய்வாக இருந்ததில்லை. எங்கு ஒழுகியதோ அங்கு அது நின்றது. அது நின்ற இடமெல்லாம் தகடு வந்தது. செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் சோலைமலையின் கூரை முழுவதும் வெண்மையாகிவிட்டது. வீட்டுக்குள் விளக்கில்லாமலே அரிசியில் கல் பொறுக்க முடிந்தது. பாத்திரங்கள் அனைத்தும் ஒரே வேளையில் சமையலுக்குக் கிடைத்ததால், எதில் எதைச் சமைப்பது என்று வீரம்மாவுக்குச் சில நாட்கள் தடுமாற்றமாக இருந்தது.

ஒருநாள் மூக்கன் வாசலில் வந்து தொண்டையைச் செருமினார்.

“தங்கச்சி, அந்தச் சாடி இப்ப இங்க சும்மாதான நிக்கிது?”

“ஏண்ணே, உங்க வீட்டுலயும் செடி வளக்க ஆசையா?”

“ஆசைதான். எங்க வீட்டுல நடுவுலயே மழ பெய்யுது. ஊருக்கெல்லாம் தகடு போட்டுட்டு, நான் தலையில சட்டியக் கவுத்துக்கிட்டுச் சோறு திங்கிறேன்.”

சாடி அடுத்த காம்பராவுக்குச் சென்றது. செய்தி லயம் முழுவதும் பரவியது. அடுத்தது யாருக்கு என்பதில் தகராறு எழுந்தது. தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் இரண்டு பெண்கள் மூன்று தலைமுறைக் குறைகளைப் பேசித் தீர்த்தனர். இறுதியில், மாரியம்மன் திருவிழாவில் கரகம் எந்த வரிசையில் வாசல்தோறும் வருகிறதோ அதே வரிசையில் சாடியும் செல்லும் என்று முடிவாயிற்று. அம்முடிவை மறுக்க எவருக்கும் துணிவில்லை. வரிசை ஒன்றாகிவிட்ட பிறகு மரியாதையும் ஒன்றாயிற்று. சாடி வாசலுக்கு வந்ததும், அவ்வீட்டுப் பெண்கள் மஞ்சள்நீர் ஊற்றி வரவேற்றனர். காலையில் ஒருக்கால், மாலையில் ஒருக்கால் நீரூற்ற வேண்டும் என்னும் விதியும் அவ்வழியே நிறைவேறியது.

சாடி வீடு வீடாகத் திரிவதைக் கணேசமூர்த்தி உள்ளபடியே கொழும்புக்கு அறிவித்தார். அதிகாரசபை பெரிதும் மகிழ்ந்தது. மக்கள் செடியைத் தம் வீட்டுக்குள்ளேயே ஏற்று, சுழற்சி முறையில் பேணுவது, தன் வரலாற்றிலேயே முதன்முறை எனப் பாராட்டியது. இதற்கிடையில் பெட்டூனியா முற்றாக அழுகிவிட்டது. செவ்வந்தியும் அதைப் பின்தொடர்ந்தது. குரோட்டன் மட்டும் ஒற்றை இலையுடன் நின்றது. அதுவும் நனையக்கூடிய நிலையில் இருந்தமையால், மூக்கனின் பணி தடையின்றித் தொடர்ந்தது.

ஒக்டோபர் தொடக்கத்தில் பிரியந்தி டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஒரு பெண்குழந்தையைப் பெற்றெடுத்தாள். மருமகன் கிஷாந்த், பேக்கரியில் விடுப்பெடுத்துக் கேக் ஒன்றுடன் வந்தான். குழந்தையைக் கட்டில் மூலையில் கிடத்தினார்கள். தகட்டின்மீது மழை சலசலத்தது. உள்ளே ஒரு துளியும் விழவில்லை. குழந்தை கண்ணைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தது.

“பாரு, இதுக்கு வெயில் கண்ணு கூசுது,” என்று சிரித்தாள் பிரியந்தி. “நம்ம தோட்டத்துல கோடையப் பாத்த மொத ஆளு இவதான்.”

ஏறத்தாழ இதே நாட்களில் ரோகினி அம்மையார் மீண்டும் வந்தார். இம்முறையும் வாகனத்தை வளைவில் நிறுத்திக் கண்ணாடி வழியே பார்த்தார். சாடி தெரியவில்லை, லயத்தின் கூரை பளிச்சென்று வெண்மையாகத் தெரிந்தது. யாப்பின்படி அது தோற்றத்துள் அடங்கும். ஆகவே அதைப் பற்றி அவர் விசாரித்தார். துரை நாற்றுக் கொட்டகையை விசாரித்தார். கொட்டகைக்கென வாங்கிய தகடுகளில் பெரும்பகுதி ஒரு பெட்டூனியாவைக் காப்பதற்குச் செலவாகிவிட்டமை வெளிப்பட்டது.

“செடிக்கு ஒன்றும் குறை வைக்கவில்லை என்பது மகிழ்ச்சி,” என்றார் அம்மையார். “ஆனால் வீடுகளுக்குக் கூரை கட்டியதாக எங்கள்மீது பழி வந்துவிடக் கூடாது. அது எங்கள் நோக்கமல்ல. ஒருபோதும் இருந்ததுமில்லை. பின்கோடை இந்த வாரத்தோடு முடிகிறது. சாடியை மீளப்பெறுங்கள். சாடிக்காகப் போட்டதையும் மீளப்பெறுங்கள்.”

சுழற்சி முறையைச் சாடி முடித்திருக்கவில்லை. கரக வரிசையில் அது கடைசியாக நின்ற வீட்டிலிருந்து, முதலில் ஒப்படைக்கப்பட்ட இடத்துக்கே திரும்பிவர வேண்டும் என்னும் விதிப்படி, சோலைமலையின் காம்பராவுக்கு எடுத்துவரப்பட்டது. மறுநாள் கணேசமூர்த்தி லொறியொன்றுடன் வந்தார். பின்னால் மூக்கனும் ஆட்களும் ஏணியோடு வந்தனர். எவர் முகத்திலும் உயிரில்லை. மழை பெய்துகொண்டிருந்தது.

முறைப்படி முதலில் சாடியை வெளியே எடுத்து லொறியருகே வைத்தார்கள். பிறகு ஏணியைச் சுவரில் சாத்தினார்கள். உள்ளே குழந்தை அழுதது. வீரம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“ஏறுங்கண்ணே,” என்றார் மூக்கனிடம். “ஏறிக் கழட்டுங்க. புள்ளயும் பாத்துக்கட்டும், அம்மாவுக்குத் தாய்மாமன் மொறையில ஒரு ஆளு வந்து என்ன சீர் செஞ்சாருன்னு.”

மூக்கன் ஏணியின் முதற்படியில் காலை வைத்து, அங்கேயே நின்றார். “வயித்துப் பொழப்பு, தங்கச்சி,” என்றார், தரையைப் பார்த்தபடி.

சோலைமலை ஏணியைப் பார்த்தார்; சாடியைப் பார்த்தார்; கணேசமூர்த்தியைப் பார்த்தார். இரண்டு மாதங்களாக அவருக்குப் புரியாதவை பல. அவற்றுள் ஒன்றையாவது தெரிந்துகொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது.

“ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“கேளுங்கோ.”

“தகடு போட்டது செடி வேலை. அதால அன்னைக்கே வந்து போட்டாங்க. இப்ப கழட்டுறது செடி வேலைங்களா, வீட்டு வேலைங்களா?”

“செடி வேலைதான்,” என்றார் கணேசமூர்த்தி. சொன்னவர் நிறுத்தினார். லொறியருகே நின்ற சாடியைத் திரும்பிப் பார்த்தார். “பொறுங்கோ. செடியை வெளியில எடுத்திட்டம்.”

“எடுத்துட்டோங்க.”

“அப்ப இந்தக் கூரைக்குக் கீழ இப்ப ஆர் இருக்கினம்?”

“நாங்கதாங்க. நாங்களும் புள்ளயும்.”

கணேசமூர்த்தி வழிகாட்டியை எடுத்துப் புரட்டினார். அவர் முகத்தில் ஒரு நேர்மையான மனிதனின் வேதனை தெரிந்தது. செடி இல்லாத கூரை, நாற்றுக் கொட்டகைக் கூரை ஆகாது. அது லயக்கூரை. லயக்கூரையில் ஓர் ஆணியைப் பிடுங்குவதாயினும் அமைச்சும் கம்பனியும் பிரதேச சபையும் நம்பிக்கை நிதியமும் ஒருங்கே இணங்க வேண்டும். அவர் துரைக்குத் தொலைபேசியில் அழைத்து நிலைமையை விளக்கினார். மறுமுனையில் துரை இரக்கத்துடன் பேசினார்.

“என்னவாம் ஐயா?” என்றார் மூக்கன்.

“கழட்டுற விசயம் துரையின்ர மனசில இருக்காம்.”

மூக்கன் படியிலிருந்து காலை எடுத்தார். ஆட்கள் ஏணியை இறக்கினார்கள். யாரும் ஆரவாரம் செய்யவில்லை. லயத்தின் மற்ற வாசல்களில் நின்ற பெண்கள், பார்த்தும் பாராதவர்போல் உள்ளே போனார்கள். சில நொடிகளில் பல வீடுகளிலிருந்து ஒரே நேரத்தில் சிரிப்பொலி கேட்டது.

மழை வலுத்தது. லொறியின் சாரதி சாடியை ஏற்ற மறுத்தார். மழையில் அதை ஏற்ற அவருக்கு அனுமதியில்லை. வீரம்மா எல்லோரையும் உள்ளே அழைத்தார். கணேசமூர்த்தி கட்டிலோரம் அமர்ந்து, கொடுத்த பிளேன்டீயைக் குடித்தார். குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். வெள்ளைத் தகட்டின்மேல் நீர் ஓடுவது நிழலாகத் தெரிந்தது. அவர் கழுத்தை இறக்கவேயில்லை.

“வடிவாய்த்தான் போட்டிருக்கிறியள்,” என்றார்.

“நல்லாக் குடிங்கய்யா. இன்னும் இருக்கு.”

“அம்மா,” என்றார் அவர், கோப்பையைக் கையில் சுழற்றியபடி. “அந்தக் கிளாக்கர்மாரின்ர பழைய விடுதியில என்ர அறை இருக்குது எல்லோ. கட்டிலுக்கு நேர மேலதான் ஒழுக்கு. வந்த நாளில இருந்து குடையோடதான் படுக்கிறன். ஆரிட்டச் சொல்லுறது? அதுவும் அந்த நாலு பேரின்ர கூரைதான்.”

பிரியந்தி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“அந்தச் சாடியை,” என்று தொடங்கி, கணேசமூர்த்தி மூக்கனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “ஒரு ரெண்டு மூண்டு நாளைக்கு அங்க கொண்டுபோய் வைக்கலாமோ எண்டு பாக்கிறன்.”

“தாராளமா எடுத்துட்டுப் போங்கய்யா,” என்றார் வீரம்மா. “ஆனா திருப்பிக் குடுத்துரணும். மேல்லயத்துல கேட்டு வச்சிருக்காங்க.”

“நீங்க வச்சிட்டு ஒரு சத்தம் குடுங்கய்யா,” என்றார் மூக்கன். “மத்தத நாங்க பாத்துக்குறோம்.”

சாடியை முச்சக்கரவண்டி ஒன்றில் ஏற்றினார்கள். குரோட்டனின் ஒற்றை இலை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், கணேசமூர்த்தி அதன்மீது குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார். அன்று பின்னேரமே, உள்ளூர் நிலைமைகளைக் கருத்திற்கொண்டு, டன்பெரி தோட்டத்தில் பின்கோடை மேலும் ஒரு வாரத்துக்கு நீடிக்கும் என்று அவர் கொழும்புக்கு அறிவித்தார்.